சிடி4, சிடி8 இரண்டையும் கூட்டினால் சிடி3-ஐ விட அதிகமாக வருகிறது, ஏன்?

திசுமாணவன்:
வணக்கம். பெருங்குடல் புற்றுக்கட்டிக்குள் எந்தெந்த நோயெதிர்ப்புச் செல்கள் இருக்கின்றன என்று பார்ப்பதுதான் என் ஆய்வு. எல்லாம் ஃபார்மலினில் போட்டு மெழுகில் புதைத்த பழைய பிளாக்குகள். 4 மைக்ரான் தடிமனில் அடுத்தடுத்து வெட்டி, ஸ்லைடுக்கு ஒரு ஆன்டிபாடி போடுகிறேன், ஒவ்வொன்றும் செல்லின் ஒரு அடையாளப் புரதத்தை (மார்க்கர்) காட்டும். டி செல் அத்தனைக்கும் சிடி3, உதவி டி செல்லுக்கு சிடி4, கொல்லி டி செல்லுக்கு சிடி8, மேக்ரோபேஜுக்கு (விழுங்கு செல்) சிடி68. நிறத்துக்கு டிஏபி, பழுப்பாக மாறும் வேதிப்பொருள்.

சிடி3, சிடி8 இரண்டும் பளிச்சென்று வருகின்றன: சின்ன உருண்டைச் செல், அதைச் சுற்றி மெல்லிய பழுப்பு வளையம். சிடி4 ஸ்லைடில் மட்டும் வளையங்களுக்கு நடுவே ஒழுங்கில்லாத, பெரிய, மங்கலான பழுப்புச் செல்கள் நிறைய. ஒரே பகுதியில் எண்ணிப் பார்த்தால் சிடி4, சிடி8 கூட்டுத்தொகை சிடி3-ஐத் தாண்டிவிடுகிறது. சிடி3 தானே மொத்தம்? ஆன்டிபாடியை மாற்ற வேண்டுமா?

இன்னொன்று: முதல் ஆன்டிபாடி போடாத கண்ட்ரோல் ஸ்லைடிலும் சளிச்சவ்வுப் பகுதியில் ஆங்காங்கே அடர்பழுப்புச் செல்கள் தெரிகின்றன.

ஹிஸ்டோ அக்கா:
தம்பி, ஆன்டிபாடியை மாற்றாதீர்கள். அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. மனித மேக்ரோபேஜிலும் சிடி4 இருக்கிறது, டி செல்லை விடக் கொஞ்சம் குறைவாக. நீங்கள் பார்க்கிற அந்தப் பெரிய மங்கல் செல்களில் பெரும்பாலானவை அவைதான். சுண்டெலி திசுவில் பழகியவர்கள் மனிதத் திசுவுக்கு வரும்போது இதில் தடுமாறுவார்கள், ஏனென்றால் சுண்டெலியின் மேக்ரோபேஜ்களில் பெரும்பாலும் சிடி4 இருப்பதில்லை.

கண்ட்ரோலுக்கு டான்சில் வைத்திருப்பீர்கள்தானே? அதை நாற்பது லென்ஸில் பாருங்கள். டி செல் பகுதியில் லிம்போசைட்டுகள் (டி செல்லும் இதில் ஒரு வகை) அழுத்தமான வளையமாக இருக்கும். வளர்மையத்துக்குள் (பி செல்கள் பெருகும் உருண்டைப் பகுதி) மேக்ரோபேஜ்கள் லேசாக நிறம் பிடித்திருக்கும். அந்த லேசான நிறம் வந்தால்தான் ஸ்டெயின் நன்றாக வேலை செய்கிறது என்றே நான் எடுத்துக்கொள்வேன். 'சுத்தமாக' வரட்டும் என்று ஆன்டிபாடியை மேலும் மேலும் நீர்க்கச் செய்தால், சிடி4 குறைவாக உள்ள உண்மையான டி செல்களும் சேர்ந்து காணாமல் போகும்.

ஆன்டிபாடி காட்டுவது ஒரு புரதத்தை. செல் எது என்பதை அந்தப் புரதத்தோடு, அதன் உருவம், உட்கரு, இருக்கும் இடம், பக்கத்தில் இன்னொரு மார்க்கர் எல்லாம் சேர்த்து நாம்தான் சொல்ல வேண்டும். சிடி68-ம் இதே கதைதான். அது லைசோசோம் புரதம். அதற்கான ஆன்டிபாடி வகைகளில் (குளோன்) கேபி1 என்பது நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுவையும் பிடிக்கும். பெருங்குடல் கட்டியில் செத்த திசு உள்ள இடமெல்லாம் நியூட்ரோஃபில் குவிந்து கிடக்கும், அங்கே எண்ணினால் மேக்ரோபேஜ் கணக்கு வீங்கிவிடும். பிஜி-எம்1 குளோன் அந்த வகையில் மேல்.

செய்ய வேண்டியது: ஒரே ஸ்லைடில் இரட்டை ஸ்டெயின். சிடி3 பழுப்பு, சிடி4 சிவப்பு. இரண்டும் சேர்ந்த செல்லை மட்டும் எண்ணுங்கள். ஆனால் இரண்டுமே சவ்வில் வரும் நிறம், பழுப்பு அதிகமானால் சிவப்பை மூடிவிடும். அதனால் டிஏபி-ஐக் கொஞ்சம் சீக்கிரம் நிறுத்துங்கள். அடுத்தடுத்த துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கலாமே என்று தோன்றும். லிம்போசைட்டின் குறுக்களவே ஏழெட்டு மைக்ரான்தான். பக்கத்துத் துண்டில் அதே செல் அகப்படலாம், ஐந்தாவது துண்டில் அகப்படாது.

மெழுகுத்துண்டு:
இரண்டாவது கேள்விக்கு: அந்த அடர்பழுப்புச் செல்கள் இயோசினோஃபில் என்ற வெள்ளையணுக்களாக இருக்க வாய்ப்பு அதிகம். அவற்றிடம் சொந்தமாகவே பெராக்ஸிடேஸ் என்ற நொதி உண்டு, ஆன்டிபாடி இல்லாமலே டிஏபி-ஐப் பழுப்பாக்கிவிடும். குடல் சளிச்சவ்வில் அவை இயல்பாகவே நிறைய. பக்கத்து எச் அண்ட் ஈ (வழக்கமான திசு நிறமேற்றம்) ஸ்லைடில் அதே இடத்தில் இரண்டு மடல் உட்கருவும் சிவந்த துகள்களும் தெரிகின்றனவா பாருங்கள். தெரிந்தால் அந்த நொதியை முடக்கப் போடும் ஹைட்ரஜன் பெராக்ஸைடு புதிதா, 3 சதவீதம் இருக்கிறதா என்று கவனியுங்கள். திறந்து வைத்த பாட்டில் சீக்கிரம் வீரியம் இழக்கும்.

திசுமாணவன்:
நன்றி அக்கா, நன்றி மெழுகுத்துண்டு. உட்கரு இரண்டு மடலாகத்தான் இருக்கிறது, இயோசினோஃபிலேதான். சில பிளாக்குகளில் மிச்சம் ரொம்பக் கொஞ்சம். இரட்டை ஸ்டெயினுக்குத் திசு போதாவிட்டால் சிடி4-ஐ விட்டுவிடலாமா?

ஹிஸ்டோ அக்கா:
தாராளமாக விடலாம். ஜெரோம் காலோன் குழு 2006-இல் சயன்ஸ் இதழில் எழுதியதே பெருங்குடல் புற்றில் டி செல்கள் எவ்வளவு, எங்கே என்பதைப் பற்றித்தான். அதிலிருந்து வளர்ந்த இம்யூனோஸ்கோர் (டி செல்களை எண்ணி நோயின் போக்கைக் கணிக்கும் மதிப்பெண்) இரண்டே மார்க்கரில் நிற்கிறது: சிடி3, சிடி8. நினைவு டி செல் மார்க்கரான சிடி45ஆர்ஓ-வையும் யோசித்தார்கள், பின்னணி நிறம் தொல்லை கொடுத்ததால் விட்டுவிட்டார்கள். பல நாடுகளின் ஆய்வகங்கள் சேர்ந்து 2,681 நோயாளிகளின் திசுவில் சரிபார்த்து 2018-இல் லான்செட்டில் வெளியிட்டார்கள். கட்டியின் நடுப்பகுதி, அது நல்ல திசுவுக்குள் ஊடுருவும் விளிம்பு, இரண்டையும் தனித்தனியாக எண்ணுவதுதான் அதில் முக்கியம். உங்கள் துண்டில் விளிம்பு இருக்கிறதா என்று எச் அண்ட் ஈ-யில் முதலில் பார்த்துவிடுங்கள். விளிம்பே இல்லாத பிளாக்கில் இருக்கிற கொஞ்சத் திசுவையும் வெட்டித் தீர்க்காதீர்கள். அது ஒருவர் உடம்பிலிருந்து எடுத்தது, திரும்பக் கேட்க முடியாது. அப்புறம், வெட்டிய ஸ்லைடுகளை மாதக்கணக்கில் அப்படியே வைக்காதீர்கள், சில ஆன்டிஜென்கள் மங்கிவிடும். ஸ்டெயின் போடும் வாரத்தில் வெட்டினால் போதும்.