கரிக்கட்டியை உடைத்தது யார்?

குழு: மங்களம் வீட்டு உறவுகள்
ஞாயிறு

[காலை 7:41] அகிலா: (படம்) சித்தப்பா, தப்பா எடுத்துக்காதீங்க. போன வாரம் நிலனுக்கு நீங்க குடுத்த நெய்வேலிக் கரி இப்படித் தூள்தூளா கிடக்கு. கவரைப் பிரிச்சு மொட்டை மாடியில வெச்சிருக்கான். கேட்டா "நான் உடைக்கலை"னு அழறான்.

[7:50] நெய்வேலி சித்தப்பா: புள்ளையத் திட்டாதம்மா. அவன் உடைக்கல. வெயில்தான் உடைச்சிருக்கு.

[7:51] அகிலா: கல்லை வெயில் உடைக்குமா?

[7:56] நெய்வேலி சித்தப்பா: அது எங்க கல்லு? நெய்வேலிக் கரி பழுப்பு நிலக்கரி, லிக்னைட்னு சொல்வாங்க. அதுல பாதிக்குப் பாதி தண்ணி. ஒரு கிலோ எடுத்தா அரைக் கிலோ தண்ணிதான். காய்ஞ்சா சுருங்கும், வத்தின ஏரி மாதிரி பாளம் பாளமா வெடிச்சு உதிரும். அதுக்குத்தான் ஈரத்துணி சுத்திக் குடுத்தேன்.

[7:58] கார்த்தி: அப்ப 30 வருஷமா தண்ணியத்தான் எரிச்சீங்களா 😂

[8:03] நெய்வேலி சித்தப்பா: சிரிடா சிரி. தண்ணிய ஆவியாக்கவே கொஞ்சம் சூடு போயிடும். கிலோவுக்குச் சுமார் 2,600 கிலோகலோரி தேறும். நல்ல இறக்குமதிக் கரியில அதுக்கு ரெண்டு மடங்கு. லாரியில ஏத்தினா தண்ணிக்கும் சேர்த்து வாடகை குடுக்கணும். அதான் சுரங்கத்துப் பக்கத்துலயே அனல் மின் நிலையம். வெட்டினது நேரா கன்வேயர்ல போயிடும். அரைக்கிற மில்லுக்குள்ள கொதிகலன்லேர்ந்தே சூட்டுப் புகைய இழுத்துவிட்டு, காயவெச்சுக்கிட்டே அரைப்போம்.

[8:05] கார்த்தி: மொத்தத்துல மட்டமான கரின்னு சொல்லுங்க.

[8:09] நெய்வேலி சித்தப்பா: சாம்பலைப் பாத்துட்டுப் பேசு. வடக்கேர்ந்து வர்ற கரி நூறு கிலோ எரிச்சா முப்பது, நாப்பது கிலோ சாம்பல் நிக்கும். எங்களுதுல அஞ்சாறு கிலோதான். சூடு கம்மி, குப்பையும் கம்மி. நேத்து ராத்திரி உன் ஏசி எத்தனை யூனிட் இழுத்துச்சு?

[8:10] கார்த்தி: எட்டு இருக்கும்

[8:10] நெய்வேலி சித்தப்பா: கிட்டத்தட்ட எட்டு கிலோ லிக்னைட். தூங்கும்போது கணக்குப் போட்டுக்க.

[8:14] பெரியம்மா: எங்க காலத்துல லெகோன்னு ஒண்ணு வருமே. நெய்வேலிக் கரிய வறுத்துக் கட்டியாக்கி விப்பாங்க. பத்தவெக்கறதுக்குள்ள கண்ணு பிதுங்கிடும், கொட்டாங்கச்சி எல்லாம் போட்டு விசிறணும். பிடிச்சுக்கிட்டா புகையே இருக்காது. ராத்திரி தணல்ல சர்க்கரைவள்ளி போட்டு மூடினா காலையில பதமா வெந்திருக்கும்.

[8:15] மாமி: டீக்கடை பாய்லருக்கும் அதானே அக்கா! கேஸ் வந்ததும் எல்லாம் போச்சு.

[8:17] நெய்வேலி சித்தப்பா: அந்த ஆலையவே மூடிட்டாங்க அண்ணி. இதே கரிலேர்ந்து யூரியாவும் பண்ணினாங்க. அதுவும் இப்ப இல்ல.

[8:21] அகிலா: நிலன் கேக்கறான்: "உள்ள மரத்தோட ரேகை மாதிரி தெரியுதே தாத்தா?"

[8:26] நெய்வேலி சித்தப்பா: மரமேதான் கண்ணா. கோடி வருஷத்துக்கு முந்தின சதுப்புக் காடு மண்ணுக்கடியில அமுங்கிக் கிடந்துச்சு. இன்னும் ரொம்ப காலம் ஆழத்துல சூடு பட்டிருந்தா முத்தின கருப்புக் கரி ஆகியிருக்கும். இது பிஞ்சுலயே பறிச்சது. 1930கள்ல ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்துல கிணறு வெட்டினப்பதான் கருப்பா ஏதோ வந்துச்சுன்னு ஊருக்கே தெரிஞ்சுது. கரிமட்டத்தை எட்டினது 1961 ஆகஸ்ட். மறுவருஷமே ரஷ்யக்காரங்க உதவியோட மின்சாரம்.

[8:27] கார்த்தி: கிணறு வெட்டிக் கரி தெரிஞ்சப்புறம் தோண்டறதுக்கு 25 வருஷமா?!

[8:33] நெய்வேலி சித்தப்பா: மேல மண்ணு மட்டுமா? கரிக்குக் கீழ தண்ணி, அதுவும் மேல முட்டிக்கிட்டு நிக்கிற ஊத்து. சும்மா தோண்டினா தரையப் பிளந்துக்கிட்டு வந்துடும். சுத்திலும் குழாய்க்கிணறு போட்டு ராப்பகலா இறைச்சாத்தான் உள்ள இறங்க முடியும். பம்பு நின்னா கரியும் நின்னுச்சு. அந்தப் பக்கத்துத் தண்ணிதான் சென்னைக்கும் போகுது.

[8:40] வித்யா (கொலோன், ஜெர்மனி): குட் மார்னிங். எங்க வீட்டுலேர்ந்து கொஞ்ச தூரத்துல கார்ஸ்வைலர் சுரங்கம். அங்கயும் பழுப்புக் கரி, நெய்வேலி மாதிரியே மண்ணையும் கரியையும் வெட்டற ராட்சதச் சக்கர மெஷின். 2023 ஜனவரியில லுட்சராத்னு ஒரு கிராமத்தையே இடிச்சாங்க, பெரிய போராட்டம். ஒரு யூனிட்டுக்கு மத்த கரியவிட இதுலதான் கார்பன் அதிகம் வருது சித்தப்பா.

[8:44] நெய்வேலி சித்தப்பா: தெரியும்மா. எங்க சக்கரமும் ஜெர்மன்காரன் குடுத்ததுதான். ஊரைக் காலி பண்ற கதையும் இங்க உண்டு. வாட்ஸ்அப்ல எழுதற விஷயமில்ல அது, நேர்ல வா சொல்றேன்.

[8:46] பெரியம்மா: அகிலா, அந்தத் தூளைச் சமையக்கட்டுல வெச்சுடாத, பத்திக்கப் போகுது.

[8:48] நெய்வேலி சித்தப்பா: கைப்பிடித் தூளுக்கு ஒண்ணும் ஆகாது அண்ணி. மலையாக் குவிச்சு வெச்சாத்தான் உள்ளுக்குள்ளயே சூடேறித் தானா புகையும். கரி குவிச்சு வெக்கிற யார்டுல எத்தனை தரம் பாத்திருக்கேன். கொளுத்திப் பாக்கறேன்னு மட்டும் ஆரம்பிச்சுடாதீங்க, கந்தக நாத்தம் வீட்டை விட்டுப் போகாது.

[9:02] அகிலா: (படம்) சித்தப்பா, இங்க பாருங்க. எல்லாத் துண்டையும் வாளித் தண்ணியில போட்டுட்டு உக்காந்திருக்கான். "தண்ணி போனதாலதானே உடைஞ்சுது, திரும்ப ஊத்தினா ஒட்டிக்கும்"னு சொல்றான்.

[9:04] நெய்வேலி சித்தப்பா: 😄 ஒட்டாதுடா கண்ணா. யோசனை மட்டும் ரொம்ப சரி.

[9:05] அகிலா: வாளி கருப்பாயிடுச்சு. தேய்க்கறது யாரு?