தெலக்ருவாவின் கூரை ஓவிய வரைபடங்கள்: சில தாள்களில் மட்டும் கட்டம் ஏன்?

கரிக்கோல்:
பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள அப்போலோ கூடத்துக்கு பிரெஞ்சு ஓவியர் தெலக்ருவா 1850–51இல் தீட்டிய கூரை ஓவியம் சம்பந்தமான பென்சில் தாள்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சில தாள்களில் உருவத்தின் மேலேயே கட்டம் போட்டிருக்கிறார், சிலவற்றில் இல்லை. அப்புறம், ஒரே உடல் மறுபடி மறுபடி வருகிறது. தோள் திரும்பும் கோணம்தான் மாறுகிறது. இவ்வளவு கைதேர்ந்தவர் நேராக ஓவியத் துணியில் இறங்கியிருக்கலாமே?

மேல்தளம்:
கட்டம் இல்லாத தாளில் அவர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். கட்டம் விழுந்துவிட்டால் அந்த உருவம் அநேகமாக முடிவாகிவிட்டது. நான் இப்படித்தான் படிப்பேன்.

ஓவியம் ஏறக்குறைய 8 மீட்டர் உயரம், 7.5 மீட்டர் அகலம். தாளில் விரல் நீளம் இருக்கும் உருவம் அங்கே ஆளைவிடப் பெரிதாகிவிடும். அதனால் தாளிலும் துணியிலும் ஒரே எண்ணிக்கையில் கட்டம் போட்டுக்கொண்டு, கோடு ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் எங்கே நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது என்று பார்த்து மாற்றுவார்கள். தாளில் முழங்கை ஒரு கட்டத்தின் மூலையைத் தொட்டால், துணியிலும் அதே மூலையைத் தொட வேண்டும். துணிக்கு அருகில் நிற்பவர் கண்ணுக்கு ஒரு தொடை மட்டுமே சுவர் மாதிரி தெரியும், முழு உடல் தெரியாது. கட்டத்தை நம்பித்தான் கை நகரும்.

உதவியாளரையும் கணக்கில் எடுங்கள். உருவங்களைப் பெரிதாக்கி முதல் வண்ணம் ஏற்றும் வேலையில் பியர் ஆந்திரியு உடன் இருந்தார். இன்னொருவர் கைக்குப் போகிற தாளில் தோள் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்ற சந்தேகம் மிச்சம் இருக்கக் கூடாது. அதைத் தீர்க்கத்தான் அத்தனை தோள்கள்.

இடமும் சுலபமானது இல்லை. 17ஆம் நூற்றாண்டில் ஓவியர் லெ ப்ரன் தொடங்கிய அலங்காரம் பாதியில் நின்றுபோய், நடுப்பகுதி அப்படியே கிடந்தது. சுற்றிலும் பொன்பூச்சும் சுதைச் சிற்பமும். அதற்கு நடுவில், கீழே நிற்பவர் அண்ணாந்து பார்த்த உடனே கிரேக்கக் கடவுள் அப்போலோவின் தேரும், அடியில் புரளும், அவர் கொல்லும் பைத்தான் பாம்பும் பிரிந்து தெரிய வேண்டும். உடலின் வெளிக்கோடு குழம்பினால் எல்லாம் போச்சு. என்னைக் கேட்டால், இந்தத் தாள்களில் நடக்கும் உண்மையான வேலை அந்த வெளிக்கோடுதான். நிறத்தை இங்கே தேடாதீர்கள்; அதற்குத் தனியாக எண்ணெய் வண்ண மாதிரிகள் செய்தார். ஒன்று பிரஸ்ஸல்ஸில் இருக்கிறது, இன்னொன்று ஆம்ஸ்டர்டாமில்.

ஈரச்சுவர்:
ஒன்று சேர்க்கிறேன். இது துணியில் தீட்டி, பிறகு கூரையில் ஒட்டிய ஓவியம். 1798இல் மாட்ரிட்டில் சான் அந்தோனியோ தேவாலயக் குவிமாடத்தில் ஸ்பானிய ஓவியர் கோயா செய்தது ஈரச் சுண்ணாம்பு வேலை. சாந்து காய்வதற்குள் முடிக்க வேண்டும். அவரும் சிறிய எண்ணெய் மாதிரிகள் செய்தார், சாந்திலேயே கோடு கீறினார். ஆனால் தீட்டும்போது துணிந்து மாற்றிக்கொண்டே போனார். ஆகவே தாள் குவியவில்லை என்றால் உழைப்பு குறைவு என்று நினைத்துவிட வேண்டாம்.

கரிக்கோல்:
நன்றி, வெளிக்கோடு என்று சொன்னதும் பைத்தானுக்கான தாள்களே வேறு மாதிரி தெரிகின்றன. இதெல்லாம் எப்படித் தப்பிப் பிழைத்தது?

மேல்தளம்:
தெலக்ருவாவே பத்திரமாக வைத்திருந்தார். 1863இல் இறந்தபோது பட்டறையில் 6000க்கும் மேற்பட்ட வரைபடங்கள் இருந்தன. அடுத்த ஆண்டு ஏலத்துக்கு வந்தன. பாரிஸ் நகர மண்டபத்தில் அவர் தீட்டிய அமைதிக் கூடத்தின் கூரை 1871 தீயில் போய்விட்டது. அதே கட்டடத்தில் இன்னொரு பிரெஞ்சு ஓவியரான ஆங்க்ர் தீட்டிய நெப்போலியன் கூரையும் போனது. இரண்டையும் இன்று மாதிரிகளையும் வரைபடங்களையும் வைத்துத்தான் பேச முடிகிறது. அமைதிக் கூடத்துக்கான தாள்கள் கிடைத்தால் அவற்றையும் பாருங்கள். கட்டம் விழுந்தவை எவை என்று குறித்துக்கொண்டு வாருங்கள், பேசலாம்.