லேண்ட்லைனை இணையத்துக்கு மாற்றியபின் சுவர் சாக்கெட்டுகளில் டயல் டோன் இல்லை, உள்வரும் அழைப்பும் நின்றுபோகிறது

மாடிவீடு:
வணக்கம். பழைய செம்புக் கம்பி லைனை நிறுத்தி, அதே எண்ணை இணைய வழிக்கு மாற்றியாயிற்று. ரவுட்டருக்குப் பக்கத்தில் ஒரு போன் அடாப்டர் இருக்கிறது. நான்கு அறைகளில் சுவர் சாக்கெட். போன்கள் மூன்று: இரண்டு பழைய மணி வைத்த ஒயர் போன், ஒரு கார்ட்லெஸ்.

போனை அடாப்டரில் நேராகச் செருகினால் டயல் டோன் சுத்தமாக வருகிறது. அடாப்டரிலிருந்து சுவர் சாக்கெட்டுக்கு ஒயர் கொடுத்தால் எல்லா அறையிலும் மௌனம். யாரும் ரிசீவரைத் தொடாமலே, எடுத்து வைத்த மாதிரி அடாப்டரின் போன் விளக்கு எரிகிறது.

இன்னொன்று. அடாப்டரை அணைத்து மறுபடி போட்டால் சில நிமிடங்களுக்கு உள்வரும் அழைப்பு வருகிறது, பிறகு வருவதில்லை. இங்கிருந்து வெளியே ஒரு அழைப்பு செய்தால் மறுபடி கொஞ்ச நேரம் வருகிறது. சேவை எண்களில் 'ஒன்றை அழுத்தவும்' என்றால் அழுத்தினாலும் ஏற்பதில்லை, சில சமயம் ஒரே எண் இரண்டு தடவை பதிகிறது. எதிலிருந்து தொடங்கலாம்?

செம்புக்கம்பி:
நேராகச் செருகினால் டோன் வருவதால் அடாப்டர் நன்றாக இருக்கிறது. கோளாறு சுவருக்குள். முதல் வேலையாக, அடாப்டரைச் சுவரிலிருந்து உடனே கழற்றிவிடுங்கள்.

வெளியே கம்பத்திலிருந்து வரும் பழைய ஜோடிக் கம்பி இன்னும் உங்கள் வீட்டு ஒயரோடு சேர்ந்தே இருக்கும். ரிசீவர் கீழே இருக்கும்போது அடாப்டர் பொதுவாக 48 வோல்ட் டிசி வரை கொடுக்கும். அந்தச் சுற்றில் கரண்ட் ஓடினால் ரிசீவரை எடுத்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளும். வெளிக்கம்பி எங்காவது நனைந்தோ ஒன்றோடொன்று ஒட்டியோ கிடந்தால் அதிலேயே கரண்ட் ஓடிவிடும். உங்கள் விளக்கு சொல்வது அதைத்தான். எக்ஸ்சேஞ்சில் லைனை இன்னும் துண்டிக்காமல் வைத்திருந்தால் இன்னும் மோசம்: இரண்டு பக்க மின்சாரமும் மோதி அடாப்டரின் போன் போர்ட் எரிந்துபோகலாம்.

மல்டிமீட்டரை டிசியில் வைத்து சாக்கெட்டின் நடு இரண்டு முனைகளில் பாருங்கள். பூஜ்யம் வர வேண்டும். 50 வோல்ட்டை ஒட்டி வந்தால் லைனில் உயிர் இருக்கிறது. சேவை தந்தவர்களிடம் சொல்லித் துண்டிக்கச் செய்யுங்கள். பூஜ்யமாகவே இருந்தாலும், கம்பி வீட்டுக்குள் நுழையும் பெட்டியைத் திறந்து, வெளியிலிருந்து வரும் இரண்டு கம்பிகளையும் ஸ்க்ரூவிலிருந்து எடுத்துத் தனித்தனியாக டேப் சுற்றிவிடுங்கள். ஒன்றை மட்டும் எடுப்பது போதாது. இடிதாங்கி உருளை இருந்தால் அது வெளிக்கம்பியோடே இருக்கட்டும்.

பிறகு எல்லாப் போனையும் கழற்றிவிட்டு, வீட்டு ஒயரின் இரண்டு கம்பிகளுக்கு இடையே ரெசிஸ்டன்ஸ் பாருங்கள். மீட்டர் 'திறந்த சுற்று' காட்ட வேண்டும். முதலில் எண் ஓடி, மெல்ல ஏறி, திறந்த சுற்றில் நின்றால் பயம் வேண்டாம். பழைய சாக்கெட்டுக்குள் இருக்கும் கப்பாசிட்டர் சார்ஜ் ஆகிறது, அவ்வளவுதான். சில கிலோ ஓமிலேயே நின்றுவிட்டால் ஏதோ ஒரு சாக்கெட்டில் ஈரமோ பச்சைத் துருவோ இருக்கிறது. பழைய பிராட்பேண்ட் ஸ்ப்ளிட்டர், ஃபில்டர் எது இருந்தாலும் எடுத்துவிடலாம், இனி அதற்கு வேலையில்லை.

எல்லாம் சரியானபின் அடாப்டரை ஏதாவது ஒரு சாக்கெட்டில் செருகுங்கள், மற்ற சாக்கெட்டுகளுக்கும் டோன் போய்ச் சேரும். போன்களை ஒவ்வொன்றாகச் சேருங்கள். போனின் அடியில் ஆர்இஎன் என்று ஒரு எண் இருக்கும், மணியடிக்க அந்தப் போன் எவ்வளவு சுமை ஏற்றுகிறது என்பதன் அளவு அது. மணி வைத்த பழைய போன் சுமார் 1, எலக்ட்ரானிக் போன் அதைவிடக் குறைவு. கூட்டினால் அடாப்டரின் வரம்பைத் தாண்டக் கூடாது. பல அடாப்டர்களில் அது 3 அல்லது 5. தாண்டினால் மணி முனகும், அல்லது ஒரு தடவை அடித்து நின்றுவிடும்.

நாட்_பொறுக்கி:
உள்வரும் அழைப்பு விஷயம் ரவுட்டரில் இருக்கிறது. வெளியே அழைத்ததும் மறுபடி உள்வருகிறது என்று எழுதினீர்களே, அது நல்ல தடயம்.

அடாப்டர் சேவை நிறுவனத்தின் சர்வரில் பதிவு செய்யும்போது ரவுட்டர் அதற்காக ஒரு வழி திறந்து வைக்கிறது. யுடிபியில் (நிலையான இணைப்பு இல்லாமல் பாக்கெட் அனுப்பும் முறை) சும்மா கிடந்தால் அந்த வழியைப் பல ரவுட்டர்கள் 30 விநாடியிலிருந்து 3 நிமிடத்துக்குள் மூடிவிடும். அடாப்டரோ 3600 விநாடிக்கு ஒருமுறைதான் மறுபதிவு செய்யும்படி வைக்கப்பட்டிருக்கும். இடையில் வரும் அழைப்பு வாசலிலேயே நின்றுவிடுகிறது.

அடாப்டரின் அமைப்புப் பக்கத்தில் 'நாட் கீப் அலைவ்' (வழி மூடாதபடி அவ்வப்போது ஒரு சிறு பாக்கெட் அனுப்புவது) என்பதை இயக்கி, இடைவெளியை 20 விநாடி வையுங்கள். ரவுட்டரில் 'சிப் ஏஎல்ஜி' (இணைய அழைப்புக்கான 'சிப்' செய்திகளில் தலையிடும் வசதி) இருந்தால் அணைத்துவிடுங்கள். உதவி செய்கிறேன் என்று பாக்கெட்டுக்குள் இருக்கும் முகவரியை மாற்றி எழுதி, அது காரியத்தைக் கெடுப்பதே அதிகம். ஒரு பக்கக் குரல் மட்டும் கேட்பது, பேச்சு சரியாக 32 விநாடியில் அறுந்துபோவது, இரண்டுக்கும் பெரும்பாலும் இதுவே காரணம். சேவை நிறுவனத்தின் பெட்டிக்குப் பின்னால் உங்கள் சொந்த ரவுட்டரும் இருந்தால் ஒன்றை பிரிட்ஜ் முறைக்கு (ரவுட்டர் வேலை செய்யாமல் பாக்கெட்டை அப்படியே கடத்திவிடும் முறை) மாற்றுங்கள்.

சிப் அழைப்புகள் வழக்கமாக வரும் 5060 போர்ட்டை மட்டும் வெளியிலிருந்து திறந்து விடாதீர்கள். திறந்தால் நள்ளிரவில் போன் அடிக்கும், எடுத்தால் யாரும் இருக்க மாட்டார்கள். இணையத்தை வருடிக்கொண்டே இருக்கும் ஸ்கேனர்களின் வேலை அது.

மாடிவீடு:
மிக்க நன்றி. வோல்ட்டேஜ் பூஜ்யம். வெளிக்கம்பியைப் பிரித்தபின்னும் 6 கிலோ ஓம் காட்டியது. ஜன்னல் ஓர சாக்கெட்டின் ஸ்க்ரூவில் பச்சையாகப் பொடி. அதைக் கழற்றியதும் திறந்த சுற்று. இப்போது மற்ற மூன்று அறையிலும் டோன் வருகிறது. கீப் அலைவ் போட்டபின் உள்வரும் அழைப்பும் நிற்கவில்லை. எண் அழுத்துவது மட்டும் பாக்கி.

நாட்_பொறுக்கி:
அடாப்டரில் டிடிஎம்எஃப் (எண் அழுத்தும்போது எழும் ஒலி) முறையை 'ஆர்எஃப்சி 2833' என்று வையுங்கள், அதில் அழுத்திய எண் குரலோடு கலக்காமல் தனிச் செய்தியாகப் போகும். சில பெட்டிகளில் 4733 என்று இருக்கும், நடைமுறையில் இரண்டும் ஒன்றே. இப்போது 'இன்பேண்ட்' இருந்திருக்கும். அதில் அழுத்தும் ஒலி குரலோடு கலந்தே போகிறது, கோடெக் (குரலை டிஜிட்டலாக மாற்றும் முறை) ஜி.729 ஆக இருந்தால் அந்த ஒலி நசுங்கி மறுமுனைக்குப் புரியாது. இரண்டு முறையும் சேர்த்து இயங்கினால் ஒரே எண் இரட்டையாகப் பதியும். ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். கோடெக் வரிசையில் ஜி.711 முதலில் வரட்டும், ஒரு அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் சுமார் 87 கேபிபிஎஸ்தான் ஆகும். பழைய போனில் டோன்–பல்ஸ் சுவிட்ச் இருந்தால் டோனில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

செம்புக்கம்பி:
ஒன்று விட்டுப்போயிற்று. பழைய லைன் எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் கொண்டுவந்தது, கரண்ட் போனாலும் பேச முடிந்தது. இனி ஃபைபர் பெட்டி, ரவுட்டர், அடாப்டர் மூன்றுக்கும் பேக்கப் வேண்டும். ஒன்று அணைந்தாலும் போன் செத்துவிடும். ரவுட்டர் பெரும்பாலும் 12 வோல்ட், அடாப்டர் பல 5 வோல்ட். இரண்டு வெளியீடும் உள்ள மினி யுபிஎஸ் வாங்குங்கள், மூன்றின் ஆம்பியரையும் பின்னின் பிளஸ் மைனஸையும் சரிபார்த்த பிறகே செருகுங்கள். வாங்கியதும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வெளியிலிருந்து ஒருமுறை உங்கள் எண்ணுக்கு அழைத்துப் பாருங்கள். அலாரம் பெட்டி அந்த லைனில் இருந்தால் அதையும் அப்போதே சோதித்துவிடுங்கள்.