லேட்டன்சிக்குத் தமிழில் என்ன போடலாம்? (கரோக்கிக் கையேடு, கொஞ்சம் அவசரம்)

இராப்பாடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் நூலகத்தில் பெரியவர்களுக்குக் கணினி வகுப்பு எடுக்கிறோம். இந்த முறை அவர்களாகவே கேட்டது கரோக்கி. வீட்டில் உட்கார்ந்து, காசு செலவில்லாமல், ஆடாசிட்டி என்ற இலவச ஒலிப்பதிவு மென்பொருளில் பாடிப் பதிவுசெய்வது எப்படி என்று. கையேடு முக்கால்வாசி முடிந்துவிட்டது, வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். தடம், ஒலிவாங்கி, இரைச்சல் நீக்கம் எல்லாம் தகராறு இல்லாமல் வந்துவிட்டன. லேட்டன்சியில் மாட்டிக்கொண்டேன்.

விஷயம் இதுதான். இசைத் தடத்தை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே பாடுகிறோம். பாடும்போது தாளம் பிசகவில்லை. திரும்பப் போட்டுக் கேட்டால் குரல் இசைக்குப் பின்னால் வருகிறது. பாடியவர் மேல் குற்றமில்லை, ஒலி கணினிக்குள் போய் வருவதற்குப் பிடிக்கும் நேரம் அது. அதைச் சரிக்கட்ட மென்பொருளே −130 மில்லி நொடி என்று ஓர் எண்ணைப் போட்டு வைத்திருக்கிறது, பதிவான குரலை அவ்வளவு முன்னால் தள்ளி வைக்கிறது. எல்லாக் கணினிக்கும் அந்த எண் பொருந்தாது, அதனால்தான் ஒரு பக்கம் ஒதுக்கி விளக்க வேண்டியிருக்கிறது. அமைப்புகளில் இதன் பெயர் லேட்டன்சி காம்பன்சேஷன். இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டுப் பார்த்தேன், "மறைநிலை இழப்பீடு" என்று வந்தது. வகுப்புக்கு வரும் ஓய்வுபெற்ற வருவாய்த்துறைக்காரர் ஒருவர், "இதுக்கு எந்த ஆபீசில் மனு கொடுக்கணும்?" என்று கேட்டார்.

நல்ல சொல் ஒன்று தாருங்கள். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்குப் படித்தவுடன் புரிய வேண்டும்.

வேர்ச்சொல் விரும்பி எழுதியது:

இயந்திரம் முழுக்கவும் தவறு செய்யவில்லை. இலத்தீன் வேருக்கு ஒளிந்திருத்தல் என்றுதான் பொருள். பள்ளிப் பாடநூலில் உள்ளுறை வெப்பம் என்று படித்தோமே, அதே வேர்தான். ஆனால் இங்கே எதுவும் ஒளிந்திருக்கவில்லை, நேரம்தான் நீள்கிறது. அதனால் வேரை விட்டுவிட்டுச் செயலைப் பார்க்க வேண்டும்.

தாமதம் என்று யாராவது கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன், அது தாமசம் என்ற வடசொல்லின் திரிபு. தாமத குணம் என்கிறோமே, அந்தத் தாமதம்தான் இது. நம்மிடம் வள்ளுவர் கொடுத்த சொல் இருக்கிறது:

"சூழ்ச்சி முடிவு துணிவெய்தல் அத்துணிவு
தாழ்ச்சியுள் தங்குதல் தீது"

இங்கே தாழ்ச்சி என்றால் காலம் நீட்டித்தல். தாழ்த்துதல் என்ற வினையும் உண்டு. அடுத்த குறளிலேயே இன்னொன்றும் கிடைக்கிறது, "தூங்குக தூங்கிச் செயற்பால". அங்கே தூங்குதல் உறக்கமில்லை, ஆறப்போட்டுச் செய்தல். ஆக, தாழ்ச்சி அல்லது தூங்கல். யாப்பில் வஞ்சிப்பாவுக்குரிய ஓசையே தூங்கலோசைதான், இசைக்கும் இந்தச் சொல்லுக்கும் உறவு இல்லாமலில்லை.

ஒலிக்கூடம் எழுதியது:

ஐயா, "உங்கள் கணினியின் தூங்கல் எவ்வளவு?" என்று கேட்டால் எல்லாரும் போய் ஸ்லீப் பொத்தானைத் தேடுவார்கள். அது வேண்டாம்.

தாமதம் ஆகாது என்று நானும் சொல்கிறேன், ஆனால் காரணம் வேறு. ஆடாசிட்டியின் விளைவுகள் (எஃபெக்ட்) பட்டியலில் டிலே என்று தனியாக ஒன்று இருக்கிறது, எக்கோ தனி, ரிவெர்ப் தனி. டிலே விளைவுக்கு யாராக இருந்தாலும் தாமதம் என்றுதான் பெயர் வைப்பார்கள். அப்புறம் லேட்டன்சிக்கும் அதையே வைத்தால், பாட்டி குரல் பின்தங்குகிறது என்று தாமதத்தைத் தேடிப் போய் டிலே விளைவை அழுத்திவிடுவார், ஒரு குரல் நாலு குரலாகும்.

இன்னொன்று. இராப்பாடி சொன்னது ஒரு வகை மட்டும்தான். லேட்டன்சி இரண்டு இடத்தில் தலைகாட்டும். பாடும்போதே நம் குரலை மென்பொருள் வழியாக ஹெட்போனில் கேட்டால் ஒரு கணம் பிந்திக் கேட்கும், நாக்கு குழறும். அது ஒன்று. பாடி முடித்த பிறகு தடத்தில் குரல் விலகி உட்கார்ந்திருக்கும், அது இன்னொன்று. அந்த −130 இரண்டாவதைத்தான் சரிசெய்யும். முதலாவதுக்கு இடையகத்தின் (பஃபர், ஒலியைக் கொஞ்ச நேரம் சேர்த்து வைக்கும் இடம்) அளவைக் குறைத்துப் பார்க்கலாம், ரொம்பக் குறைத்தால் ஒலி வெடித்து வெடித்து வரும். சுலபமான வழி, அந்தக் கேட்பையே அணைத்துவிட்டு, ஹெட்போனின் ஒரு காதைக் கழற்றி வைத்துக்கொண்டு பாடுவது. தேர்ந்தெடுக்கும் சொல் இரண்டுக்கும் பொருந்த வேண்டும்.

கையேட்டில் இதையும் சேர்த்துவிடுங்கள்: புளூடூத் ஹெட்போன் வேண்டவே வேண்டாம். அது தன் பங்குக்கு நூறு, இருநூறு மில்லி நொடி சேர்க்கும்.

வடலி எழுதியது:

வணக்கம். நாங்கள் யாழ்ப்பாணத்தில் நாளாந்தம் பாவிக்கிற சொல் இருக்கும்போது ஏன் இவ்வளவு தூரம் போகிறீர்கள்? சுணக்கம். "பஸ் சுணங்கிப் போச்சு", "ஏன் பிள்ளை சுணங்கி வாறாய்?" சின்னப் பிள்ளைக்கும் விளங்கும், ஆச்சிக்கும் விளங்கும். வினையாகவும் வரும், பெயராகவும் வரும். ஒலிச் சுணக்கம் என்று போட்டால் முடிந்தது.

வேர்ச்சொல் விரும்பி எழுதியது:

> சுணக்கம். "பஸ் சுணங்கிப் போச்சு"

இனிய சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் சங்கப் பாடல்களில் சுணங்கு என்றால் மகளிர் மேனியில் படரும் தேமல். பொன் போன்றது, வேங்கைப் பூந்தாது போன்றது என்றெல்லாம் புலவர்கள் பாடியிருக்கிறார்கள். அதிலிருந்து சோர்வுக்கும், சோர்விலிருந்து காலம் நீட்டித்தலுக்கும் பொருள் நகர்ந்ததா, அல்லது இரண்டும் வெவ்வேறு வேரா என்பதை ஆராயாமல் கலைச்சொல்லாக்குவது முறையா? சுண், சுணை, சுணங்கு என்று ஒரு வரிசை இருக்கிறது. சுணை என்றால் இலையின் மேல் உள்ள நுண்ணிய முள், தோலில் பட்டால் அரிக்கும். தோல், மேனி, தேமல் என்று அந்தப் பக்கமாகத்தான் இது போகிறது. இதைப் பற்றித் தனி இழை தொடங்கலாம் என்றிருக்கிறேன்.

மொழிபெயர்ப்புக் கூலி எழுதியது:

தொடங்குங்கள் ஐயா, ஆனால் வெள்ளிக்கிழமைக்குப் பிறகு.

தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களிலும் "சாலைப் பணியில் சுணக்கம்" என்று வாரம் ஒருமுறையாவது வருகிறது. தேமல் என்று யாரும் படிப்பதில்லை. எனக்கு உறுத்துவது வேறு. சுணக்கம் என்றதும் இங்கே ஒப்பந்தக்காரரின் சோம்பல் ஞாபகம் வருகிறது, யாரோ வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார் என்கிற தொனி. கணினி பாவம், சோம்பலாக இல்லை.

நான் பிழைப்புக்கு மென்பொருள் மொழிபெயர்ப்பவன், என் ஓட்டு லேட்டன்சி என்றே எழுதுவதற்குத்தான். கையேட்டைப் படித்துவிட்டு அவர்கள் திறக்கப் போவது ஆங்கில மெனு. கையேட்டில் ஒரு சொல், திரையில் வேறொரு சொல் என்றால் எந்தப் பெரியவர் கண்டுபிடிப்பார்? தூய தமிழ் வேண்டுமென்றால் முதலில் திரையைத் தமிழாக்க வேண்டும்.

வேர்ச்சொல் விரும்பி எழுதியது:

இப்படியே போனால் தடத்தை டிராக் என்று எழுதலாம், ஒலிவாங்கியை மைக் என்று எழுதலாம், கடைசியில் "மற்றும்" மட்டும் தமிழாக நிற்கும். அடுத்த தலைமுறைக்கு என்ன கொடுத்துவிட்டுப் போகிறோம்?

மொழிபெயர்ப்புக் கூலி எழுதியது:

வகுப்பில் இருப்பது முந்தைய தலைமுறை ஐயா. அவர்கள் பாட வந்திருக்கிறார்கள்.

பாட்டு டீச்சர் எழுதியது:

நான் பெரும்பாலும் படித்துவிட்டுப் போய்விடுவேன், இது என் பக்கத்து விஷயமாக இருப்பதால் எழுதுகிறேன்.

தாளம் தொடங்கிய பிறகு பாட்டை எடுத்தால் அதற்கு அனாகத எடுப்பு என்று பெயர். தாளத்துக்கு முன்பே எடுத்தால் அதீத எடுப்பு. கரோக்கியில் குரல் பிந்துவது பார்வைக்கு அனாகதம் மாதிரி இருக்கிறது, ஆனால் அது பாடகர் தெரிந்தே எடுக்கும் இடம், இது பிழை. அதனால் பொருந்தாது. விளம்பம் என்றாலும் நீட்டிப்புதான், ஆனால் விளம்ப காலம் என்பது பாட்டின் வேகம். பிள்ளைகள் குழம்புவார்கள்.

வகுப்பில் வாயில் வருவது என்ன தெரியுமா? "இழுக்குது." மிருதங்கத்தோடு ஒட்டாமல் ஒருவர் பிந்தினால், "இழுக்காதே, இழுக்காதே" என்றுதான் தொடையில் தட்டிச் சொல்வோம். இழுவை என்று வைத்துக்கொண்டால் என்ன?

ஒலிக்கூடம் எழுதியது:

டீச்சர், அழகான சொல். ஆனால் இயற்பியலில் காற்று விமானத்தைத் தடுப்பதற்கு இழுவை என்று ஏற்கெனவே வைத்துவிட்டார்கள். அது போக, இழுக்கிற பாடகர் போகப் போக இன்னும் பின்தங்குவார். லேட்டன்சி அப்படியில்லை. முதல் வரியில் 130 என்றால் கடைசி வரியிலும் அதே 130. அதனால்தான் ஒரே ஓர் எண்ணைப் போட்டு முழுப் பாட்டையும் நகர்த்த முடிகிறது. காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் போகிறது என்று வைத்துக் கணக்குப் போட்டால், 130 மில்லி நொடி என்பது சுமார் 45 மீட்டர். தேரடியில் நிற்கிற நமக்கு, தெருக்கோடியில் அடிக்கிற மேளம் கைக்குப் பிந்திக் கேட்குமே, அந்தத் தூரம்.

வடலி எழுதியது:

மில்லி நொடி சரியா? நாங்கள் மில்லிசெக்கன் என்போம். நொடி என்பது விரல் நொடிக்கிற நேரம், தொல்காப்பியத்தில் மாத்திரைக்கு அளவு சொல்கிற இடத்தில் வருகிறதே.

வேர்ச்சொல் விரும்பி எழுதியது:

"கண்ணிமை நொடியென அவ்வே மாத்திரை." நல்ல இடத்தைத் தொட்டீர்கள். அப்படிப் பார்த்தால் நொடி ஒரு மாத்திரை, அதாவது ஒரு குறில். இன்றைய விநாடிக்கு நொடி என்று வைத்ததே பொருத்தமில்லை. குற்றியலுகரம் அரை மாத்திரை, குற்றியலிகரமும் அப்படியே, ஆய்தமும் அரை. இந்த 130 ஏறக்குறைய ஒரு குற்றியலுகரத்தின் அளவு வருமா என்று யாராவது அளந்து சொல்ல முடியுமா? ஆடாசிட்டியிலேயே அளக்கலாம் அல்லவா?

ஒலிக்கூடம் எழுதியது:

அளக்கலாம். "பாக்கு" என்று பாடிப் பதிவுசெய்து, கடைசி உகரத்தை இழுத்துத் தேர்ந்தெடுத்தால் கீழே நீளம் தெரியும். ஆனால் இப்போது வேண்டாமே.

இராப்பாடி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நேற்று வகுப்பில் சொற்களை விளையாட்டாகக் கேட்டுப் பார்த்தேன். தாழ்ச்சி என்று பலகையில் எழுதியதும், "குரல் கீழே இறங்கிடுச்சா, சுருதி போச்சா?" என்றார்கள். பாட்டைப் பற்றிய கையேட்டில் தாழ்ச்சி என்றால் சுருதிதான் நினைவுக்கு வரும், இதை யோசிக்கவே இல்லை. சுணக்கம் என்றதும் தலையாட்டினார்கள். இழுவையும் பிடித்திருந்தது, ஒருவர் மட்டும் டிராக்டர் என்றார்.

ஆகவே சுணக்கம். காம்பன்சேஷனுக்கு ஈடு போதும். "சுணக்க ஈடு" என்று தலைப்பு வைக்கிறேன், சரிதானே?

வேர்ச்சொல் விரும்பி எழுதியது:

சரியில்லை. சுணக்கம் + ஈடு. நன்னூல் என்ன சொல்கிறது? "மவ்வீறு ஒற்றழிந்து உயிரீறு ஒப்பவும்." மகரம் கெட்டு, வகர உடம்படுமெய் பெற்று, சுணக்கவீடு. உங்கள் கையேட்டில் சுணக்க வீடு என்று ஒரு வீடு கட்டிவிடுவீர்கள். தாமதம் வைத்தாலும் தாமதவீடுதான். தாழ்ச்சியானால் யகரம் வந்து தாழ்ச்சியீடு என்று எந்தக் குழப்பமும் இல்லாமல் நிற்கும். இதை முதலிலேயே சொல்லியிருப்பேன், யாரும் கேட்கவில்லை.

மொழிபெயர்ப்புக் கூலி எழுதியது:

இந்த இழையில் எனக்குப் பிடித்த ஒரே மடல் இதுதான். சேர்க்காமல் இடம் விட்டே எழுதலாம், யாரும் வழக்குப் போட மாட்டார்கள். இல்லையென்றால் ஈட்டை விட்டுவிடுங்கள். "சுணக்கத்தைச் சரிசெய்தல்" என்று வினையாகப் போட்டால் புணர்ச்சியும் இல்லை, வீடும் இல்லை. பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் லேட்டன்சி என்று ஒரு தடவையாவது போடுங்கள், திரையில் தேட உதவும்.

பாட்டு டீச்சர் எழுதியது:

கரோக்கிக்கே யாரும் சொல் கேட்கவில்லையே? ஜப்பானிய மொழியில் கரா என்றால் வெறுமை, ஓக்கே என்பது ஆர்க்கெஸ்ட்ராவின் சுருக்கம். பாடகர் இல்லாத இசை. வெற்றிசை என்று சொல்லலாமா?

வடலி எழுதியது:

வெற்றி இசை என்று வாசிப்பார்கள்.

வேர்ச்சொல் விரும்பி எழுதியது:

வாசிக்க மாட்டார்கள். அது வெற்றியிசை என்றாகும். வெற்று + இசை தான் வெற்றிசை. மிக நல்ல சொல், டீச்சர் அம்மாவை வணங்குகிறேன்.

மட்டுறுத்துநர் எழுதியது:

கரோக்கி அப்படியே இருக்கட்டும். ஜப்பானில் பிறந்த ஒரு பெயர் ஊர் ஊராகப் போய் நிலைத்துவிட்டது, இப்போது அதைத் தொட வேண்டாம். லேட்டன்சிக்கு இதுவரை சுணக்கம் நான்கு பேர், தாழ்ச்சி ஒருவர், லேட்டன்சியே போதும் என்று ஒருவர் (அவரும் அடைப்புக்குறியோடு சம்மதம்). குற்றியலுகர அளவீட்டுக்கும் சுணங்கு ஆராய்ச்சிக்கும் தனி இழை தொடங்கிக்கொள்ளுங்கள்.

இராப்பாடி எழுதியது:

முடித்துவிட்டேன். அந்தப் பக்கம் இப்படி வந்திருக்கிறது, பிழை இருந்தால் இன்றிரவுக்குள் சொல்லுங்கள்:

"சுணக்கத்தைச் சரிசெய்தல் (லேட்டன்சி). முதலில் அமைப்புகளில் இருக்கும் எண்ணை 0 ஆக்குங்கள். தாளத் தடம் ஒன்றை உருவாக்குங்கள். ஹெட்போனின் ஒரு காதை ஒலிவாங்கியின் மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு, தாளத்தை ஓடவிட்டுப் பதிவுசெய்யுங்கள். இப்போது இரண்டு தடங்களிலும் அதே தட்டு தெரியும், கீழே இருப்பது கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி நிற்கும். நன்றாகப் பெரிதாக்கி, மேல் தட்டின் தொடக்கத்திலிருந்து கீழ்த் தட்டின் தொடக்கம் வரை தேர்ந்தெடுங்கள். எத்தனை மில்லி நொடி என்று பார்த்து, அந்த எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி இட்டு அமைப்புகளில் எழுதுங்கள். மறுபடி பதிவுசெய்தால் இரண்டு தட்டும் ஒன்றின் கீழ் ஒன்றாக நிற்க வேண்டும்."

ஒலிக்கூடம் எழுதியது:

சரியாக இருக்கிறது. ஹெட்போனையோ ஒலிவாங்கியையோ மாற்றினால் திரும்ப அளக்க வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். கழித்தல் குறியைத் தடித்த எழுத்தில் போடுங்கள், அதை விட்டுவிட்டுத்தான் பாதிப்பேர் புலம்புவார்கள்.

வேர்ச்சொல் விரும்பி எழுதியது:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. சுருதி இறங்குவதற்குத் தாழ்தல் என்ற சொல் இருக்கிறதே, தாழ்ச்சியை ஏன் அதற்குத் தாரைவார்க்க வேண்டும்? என் கட்டுரைகளில் தாழ்ச்சி என்றே எழுதுவேன். பின்குறிப்பு: ஆடாசிட்டியை இறக்கிக்கொண்டேன். "பாக்கு" பதிவாகிவிட்டது, உகரம் எங்கே முடிகிறது, வெறும் மூச்சு எங்கே தொடங்குகிறது என்றுதான் பிடிபடவில்லை. யாராவது கோப்பைக் கேட்டுச் சொல்வீர்களா?