பெட்ரோல் விலை ஏறினால் யாரைத் திட்டுவது?

இரவு ஷிப்ட்:

வணக்கம். நான் பெட்ரோல் பங்க் ஒன்றில் கேஷில் உட்காருகிறேன், பெரும்பாலும் இரவு ஷிப்ட். விலை ஏறும் நாட்களில் எங்கள் வேலையே வேறு மாதிரி ஆகிவிடுகிறது. வண்டியை நிறுத்தியதும் முதலில் விலைப் பலகையைப் பார்க்கிறார்கள், அப்புறம் என்னைப் பார்க்கிறார்கள், விலையை நான்தான் எழுதி வைத்தேன் என்பது போல. "உங்க ஆளு வந்ததுல இருந்துதான் இந்தக் கதி" என்கிறார் ஒருவர். அவர் வண்டி வெளியே போவதற்குள் அடுத்தவர் வந்து, "எல்லாம் முன்னாடி இருந்தவங்க செஞ்சுட்டுப் போனது" என்கிறார். எனக்கு எந்த ஆளும் இல்லை. பணத்தை வாங்கி ரசீது கொடுக்கிறேன், அவ்வளவுதான்.

ஒன்றைக் கவனித்திருக்கிறேன். ஏதோ ஒரு ரவுண்டான தொகைக்குப் போடச் சொல்கிறவர்கள் அவ்வளவாகச் சத்தம் போடுவதில்லை. அவர்கள் கொடுக்கும் பணம் மாறுவதில்லை, லிட்டர்தான் குறைகிறது. ஆனால் முன்பைவிடச் சீக்கிரம் திரும்ப வருகிறார்கள். டேங்க் நிரப்பச் சொல்கிறவர்கள்தான் மீட்டரை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார்கள். பணம் ஓடும் வேகத்துக்கு லிட்டர் ஓடாதா என்று நிற்பார்கள். கடைசி இலக்கம் நின்றதும் என் பக்கம் திரும்புவார்கள்.

என் கேள்வி இதுதான். ஆட்சியில் இருப்பவர்கள் உண்மையிலேயே விலையை ஏற்றுகிறார்களா, இல்லை என்னைப் போல அவர்களும் சும்மா திட்டு வாங்குகிறார்களா? கச்சா எண்ணெய் விலை விழுந்தது என்று செய்தி வந்த மறுநாளே "இங்க ஏன் குறையல" என்று சண்டைக்கு வருகிறார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது? கட்சிச் சண்டை வேண்டாம், விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நேர்ப்பேச்சு:

இதில் கேட்க என்ன இருக்கிறது? ஆட்சியில் இருப்பவர்தான் காரணம். விலை குறைந்தால் தன் படத்தைப் போட்டு விளம்பரம் செய்துகொள்கிறாரா இல்லையா? ஏறும்போது மட்டும் உலகச் சந்தை, போர், ஒபெக் எனும் எண்ணெய் நாடுகளின் கூட்டமைப்பு என்று ஊர்க்கதை பேசினால் எப்படி? பெருமையை வாங்கிக்கொண்டவர் திட்டையும் வாங்கிக்கொள்ளட்டும்.

பழைய கணக்கு:

எரிபொருள் மொத்த விற்பனையில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நேர்ப்பேச்சு சொன்ன விளம்பர விஷயம் நியாயம். ஆனால் 'ஆட்சியில் இருப்பவர்தான் காரணம்' என்பதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

தம்பி, உங்கள் பலகையில் இருக்கும் அந்த ஒற்றை எண்ணுக்குள் கச்சா எண்ணெய், சுத்திகரிப்பு, கொண்டுவரும் செலவு, விற்பவர் லாபம், வரி எல்லாம் அடங்கியிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளி வேறு. எல்லாம் ஒரே எண்ணாகத் தெரிவதால் ஒரே ஆளைத் தேடுகிறோம்.

கச்சாவை முதலில் பார்ப்போம். 2008 ஜூலையில் பீப்பாய் 147 டாலரைத் தொட்டது. அதே ஆண்டு டிசம்பரில் 40 டாலருக்குக் கீழே போய்விட்டது. இரண்டு சமயத்திலும் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ்தான். ஜூலையில் ஏற்றியது அவர் என்றால் டிசம்பரில் இறக்கியதும் அவர்தானே? அப்படி யாரும் அவருக்கு மாலை போடவில்லை. உலக நிதி நெருக்கடியில் தொழில்கள் படுத்தன, எண்ணெய் வாங்க ஆள் குறைந்தது, விலை விழுந்தது.

2022லும் இதே கதை, திசைதான் வேறு. பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. ஜூனில் அமெரிக்காவில் ஒரு கேலனின் (சுமார் 3.8 லிட்டர்) சராசரி பெட்ரோல் விலை முதன்முறையாக 5 டாலரைத் தாண்டியது. அதற்கு முன்பிருந்தே அங்கே பம்புகளில், அப்போதைய அதிபர் பைடன் விலையைச் சுட்டிக்காட்டி 'இதைச் செய்தது நான்தான்' என்று சொல்வது போன்ற ஸ்டிக்கர்களை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். நல்ல வேடிக்கைதான், கிழிக்க வேண்டியவர் உங்களைப் போன்ற ஊழியர் என்பதைத் தவிர. ஆனால் அடுத்த மாதமே பிரிட்டனிலும் விலை புதிய உச்சத்துக்குப் போனது. அங்கே பைடன் ஆளவில்லை.

அவர் கையில் இருந்ததை அவரும் செய்து பார்த்தார். அவசரக் கையிருப்பிலிருந்து நாளுக்கு 10 லட்சம் பீப்பாய் வீதம் ஆறு மாதம் திறந்துவிடச் சொன்னார். கேட்க மலைப்பாக இருக்கும். உலகம் ஒரு நாளைக்குக் குடிப்பது சுமார் 10 கோடி பீப்பாய். அதில் நூற்றில் ஒரு பங்குதான் அது.

அடுத்தது வரி. இங்கேதான் ஆட்சியில் இருப்பவர் சட்டையைப் பிடிக்கலாம். அதுவும் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் கேலனுக்கு 18.4 சென்ட் என்ற மத்திய வரி 1993லிருந்து மாறவே இல்லை. அங்கே விலை ஏறினால் அதிபர் மத்திய வரியை ஏற்றிவிட்டார் என்று சொல்ல வழியில்லை. இந்தியாவில் நடந்ததைப் பாருங்கள். 2020இல் கொரோனாவில் உலகமே வீட்டுக்குள் முடங்கி, கச்சா விலை தரைக்கு வந்தது. ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சாவின் எதிர்கால ஒப்பந்தம் (பின்னால் வாங்கப்போவதற்கு முன்கூட்டியே பேசும் விலை) பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸ் 37 டாலருக்குப் போனது. அந்த மார்ச்சிலும் மே மாதத்திலும் மத்திய அரசு பெட்ரோல் மீதான கலால் வரியை லிட்டருக்கு மொத்தம் 13 ரூபாய் ஏற்றியது. விலை இறங்கி மக்கள் கைக்கு வர வேண்டியது கஜானாவுக்குப் போனது. பிறகு 2021 நவம்பரில் 5 ரூபாயும் 2022 மே மாதத்தில் 8 ரூபாயும் குறைத்தார்கள். கூட்டிப் பாருங்கள், அதே 13. ஊரடங்கில் வருமானம் போன அரசுக்குப் பணம் தேவைப்பட்டது என்று அதற்கு ஒரு நியாயம் சொல்லலாம், சொல்லட்டும். ஆனால் அதை உலகச் சந்தை தலையில் கட்டக் கூடாது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இன்று விழுந்த கச்சா உங்கள் பம்புக்கு வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். கப்பலில் வர வேண்டும், சுத்திகரிக்க வேண்டும், டேங்கரில் ஏற்ற வேண்டும். உங்கள் நிலத்தடித் தொட்டியில் கிடப்பது பழைய விலைக்கு வாங்கியது. இதை நீங்கள் தைரியமாகச் சொல்லலாம். ஆனால் உஷாரான வாடிக்கையாளர் ஒருவர், "அப்ப ஏறும்போது மட்டும் ஏன் பழைய ஸ்டாக் தீர்ற வரைக்கும் காத்திருக்கறதில்ல?" என்று திருப்பிக் கேட்பார். அதற்கு என்னிடமும் நல்ல பதில் கிடையாது. ராக்கெட்டாக ஏறி இறகாக இறங்குகிறது என்று பொருளாதாரக்காரர்கள் இதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். பிரிட்டனில் வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் ஆணையம் 2023இல் விசாரித்து, சூப்பர்மார்க்கெட்டுகள் நடத்தும் பெட்ரோல் பங்க்குகளின் சராசரி லாபம் 2019க்கும் 2022க்கும் நடுவில் லிட்டருக்கு 6 பென்ஸ் கூடியிருந்ததாகச் சொன்னது. ஆகவே விற்பவர் மேல் வரும் சந்தேகத்தை முழுக்கத் தள்ளிவிட முடியாது.

லோடு வண்டி:

கணக்கெல்லாம் சரி ஐயா. ஆனால் கோபம் கணக்குப் பார்த்து வருவதில்லை. நான் வாடகை பேசி லோடு எடுக்கிறவன். டீசல் ஏறினால் வாடகையும் ஏறும் என்ற சரத்து பெரிய கம்பெனி ஒப்பந்தங்களில் இருக்கும். எங்களுக்கு வாய்ப்பேச்சுதான். பேசிய வாடகைக்குச் சரக்கை ஏற்றியாகிவிட்டது, பாதி வழியில் விலை ஏறினால் அது என் சட்டைப்பையிலிருந்துதான் போகிறது.

நீங்கள் சொல்கிற பொறுப்பாளிகளில் எனக்கு எட்டுகிறவர் யார்? சவூதி அரசரை நான் எந்தத் தேர்தலில் தோற்கடிப்பது? எண்ணெய்க் கம்பெனி முதலாளிக்கு என் ஓட்டு தேவையில்லை. அரசியல்வாதிக்குத்தான் தேவை. அதனால் அவரைப் பிடிக்கிறோம். 1979இல் ஈரான் புரட்சி, அமெரிக்காவில் பங்க் வாசலில் மைல்கணக்கில் வரிசை. ஈரானில் புரட்சி செய்தது அப்போதைய அமெரிக்க அதிபர் கார்ட்டரா? அடுத்த ஆண்டு தேர்தலில் தோற்றார். வேறு காரணங்களும் இருந்தன, ஆனால் அந்த வரிசையில் நின்றவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

சில சமயம் அந்தப் பிடி வேலை செய்கிறது. பிரான்ஸில் 2018 நவம்பரில் எரிபொருள் வரி உயர்வை எதிர்த்து மஞ்சள் சட்டைக்காரர்கள் ரவுண்டானாக்களில் உட்கார்ந்தார்கள். வண்டியில் அந்த ஒளிரும் சட்டை இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம், எல்லோரிடமும் இருந்தது, எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். டிசம்பரில் அரசு அந்த உயர்வைக் கைவிட்டது. கணக்கு பேசிக்கொண்டு வீட்டில் இருந்திருந்தால் நடந்திருக்குமா?

பழைய கணக்கு:

நீங்கள் சொன்ன பிரான்ஸ் உதாரணம் என் பக்கத்துக்குத்தான் வலு. அவர்கள் வரி என்ற ஒன்றைப் பிடித்தார்கள், அதை அரசால் மாற்ற முடியும், மாற்றியது. போரை நிறுத்து, கச்சாவை இறக்கு என்று உட்கார்ந்திருந்தால் இன்னமும் உட்கார்ந்திருப்பார்கள். திட்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, எந்தப் பங்குக்காகத் திட்டுகிறோம் என்று தெரிந்து திட்டுங்கள்.

நேர்ப்பேச்சு:

அப்படியானால் நான் ஒன்று பிடிக்கிறேன். இந்தியாவில் விலை தினமும் மாறும் என்று 2017 ஜூனில் கொண்டுவந்தார்கள். 2021 நவம்பர் தொடக்கத்தில் வரியைக் குறைத்தார்கள் என்றீர்களே, அதற்கப்புறம் 2022 மார்ச் 22 வரை எண்ணெய் நிறுவனங்கள் விலையைத் தொடவே இல்லை. நடுவில் போர் தொடங்கிக் கச்சா 100 டாலரைத் தாண்டிவிட்டது, அப்போதும் அசையவில்லை. உத்தரப் பிரதேசம் உட்பட ஐந்து மாநிலத் தேர்தல் முடிவு வந்தது மார்ச் 10. அப்புறம் பார்த்தால் கிட்டத்தட்ட தினமும் 80 பைசா, இரண்டு வாரம் சொச்சத்தில் 10 ரூபாய். இது எந்த உலகச் சந்தை?

பழைய கணக்கு:

விலையை நிறுவனங்கள்தான் தீர்மானிக்கின்றன, அரசு தலையிடுவதில்லை என்பது அதிகாரபூர்வ பதில். அந்த நிறுவனங்களில் பெரியவை அரசுக்குச் சொந்தம். நீங்கள் பிடித்தது சரியான இடம்தான், விடாதீர்கள்.

இரவு ஷிப்ட்:

எல்லோருக்கும் நன்றி. 'பழைய ஸ்டாக்' பதிலை நேற்றே ஒருவரிடம் சொல்லிப் பார்த்தேன். ஐயா சொன்ன அதே எதிர்க்கேள்வியை அவர் கேட்டார். நல்லவேளை, பின்னால் இருந்த வண்டி ஹாரன் அடித்தது.

ஒரு யோசனை. மின்கட்டண ரசீதில் எது எதற்கு எவ்வளவு என்று வரிவரியாக வருகிறதே, அப்படி எங்கள் ரசீதிலும் அச்சிட்டால் என்ன? கச்சாவுக்கு இவ்வளவு, வரி இவ்வளவு என்று இருந்தால் கோபப்படுகிறவர் அவரே பார்த்துக்கொள்வார், நான் வாயைத் திறக்க வேண்டாம்.

பழைய கணக்கு:

நல்ல யோசனை. வரியை அச்சிடுவது சுலபம், அது எல்லோருக்கும் தெரிந்த எண். கச்சாவும் சுத்திகரிப்பும் தினம் மாறுகிற தோராயம், அதைக் கம்பெனிதான் கொடுக்க வேண்டும். உங்கள் முதலாளியிடம் வரி ஒன்றை மட்டுமாவது போடச் சொல்லிப் பாருங்கள்.

இரவு ஷிப்ட்:

கேட்டேன் சார். வரியைப் போடலாம் என்று உடனே சொல்லிவிட்டார். விற்பவர் லாபம் எவ்வளவு என்றும் அதில் வருமா என்று கேட்டதற்குத்தான், பிரிண்டர் பேப்பர் வீணாகும் என்கிறார்.