விவாகரத்து வழக்கு: பிள்ளையின் பொறுப்பு பற்றி விளக்கம் தேவை

குழுவில் இருக்கிற அக்காமார், அண்ணாமாருக்கு வணக்கம். வெள்ளவத்தையில் இருக்கும் என் தங்கச்சிக்கு மாவட்ட நீதிமன்றத்திலிருந்து அழைப்பாணை வந்திருக்கு. கணவர் விவாகரத்து கேட்டு வழக்குப் போட்டிருக்கிறார். காரணம், அவள் தன்னைக் கைவிட்டுப் போய்விட்டாளாம். உண்மையில் வீட்டை விட்டுப் போனது அவர்தான்.

எங்கட இலங்கைப் பொது விவாகச் சட்டத்தில் பிறர்மனை உறவு, கெட்ட எண்ணத்தோடு கைவிட்டுப் போதல், திருமணத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக்குறைவு போன்ற ஒரு குற்றத்தை நிரூபித்தால்தான் விவாகரத்து. இரண்டு பேரும் சம்மதம் என்றால் மட்டும் போதாது. தீர்ப்புச் சொன்னாலும் முதலில் கிடைப்பது டிக்ரீ நைசை என்ற இடைக்காலத் தீர்ப்பு. குறைந்தது 3 மாதம் கழித்து அது டிக்ரீ அப்சலூட் என்ற இறுதித் தீர்ப்பு ஆகும்வரை திருமணம் முறியாது. இவ்வளவும் விளங்கிவிட்டது.

விளங்காதது மகனைப் பற்றியது. கட்டுக்காவல், அதாவது பிள்ளையை வைத்துப் பார்க்கும் பொறுப்பு, தாய்க்குக் கிடைத்தால், பள்ளிக்கூடம் மாற்றத் தகப்பனின் சம்மதமும் வேணுமா? அவர் பிள்ளையைப் பார்க்க வரும் நாட்களை எழுத்தில் எப்படிக் கேட்பது? பிள்ளைக்கு 6 வயது, இரவில் அம்மா இல்லாமல் தூங்கமாட்டான். எனக்கு அதுதான் பெரிய கவலை.

1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின்படி பிள்ளைக்கு நீதவான் நீதிமன்றத்தில் பணம் கேட்கலாம். விவாகரத்து வழக்கு நடக்கும்போதே அதையும் போட்டவர்கள் இருந்தால் சொல்லுங்கோ.

கொழும்பு புதுக்கடை நீதிமன்றப் பக்கம் தமிழில் பொறுமையாக விளக்கும் பெண் சட்டத்தரணி யாரையும் தெரிந்தால் உள்பெட்டியில் அனுப்புங்கோ. வழக்குத் தவணைக்கு முன் சந்திக்க வேணும்.