செப்சிஸ் எலியில் கிரியேட்டினின் ஏறவில்லை: சிறுநீரகம் தப்பித்துவிட்டதா?

கேள்வி:
சி57 பிளாக் 6 ஆண் சுண்டெலிகள், வயது 8 வாரம். செப்சிஸ் (கிருமித்தொற்றால் உறுப்புகள் கெடும் நிலை) வரவழைக்க, பெருங்குடலின் தொடக்கப் பையான சீக்கத்தைக் கட்டி 21 கேஜ் ஊசியால் இரண்டு துளை. 24 மணி நேரத்தில் எலிகள் சுருண்டு படுக்கின்றன, ரத்தக் கல்ச்சரில் கிருமி வளர்கிறது. ஆனால் ஜாஃபே என்னும் நிற வினை முறையில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் தசைக் கழிவு) 0.4 மி.கி./டெ.லி. வயிற்றைத் திறந்து மூடிய ஷாம் எலிகளிலும் அதே 0.4. யூரியா மட்டும் இரட்டிப்பு. எச் அண்ட் ஈ (வழக்கமான திசுச் சாயம்) ஸ்லைடில் செத்த சிறுநீரகக் குழாய்கள் இல்லை. எதை நம்புவது?

பதில் 1:
ஜாஃபேயை முதலில் ஓரங்கட்டுங்கள். எலி சீரத்தில் வேறு பொருள்களும் அந்த வினையில் நிறம் தரும். நலமான எலியின் உண்மை அளவு 0.1-ஐ ஒட்டியே இருக்கும். என்சைம் முறை பரவாயில்லை, எல்.சி.-எம்.எஸ். (பொருளைப் பிரித்து நிறையால் அளக்கும் கருவி) இன்னும் மேல். அதிலும் பெரிய ஏற்றத்தை எதிர்பார்க்காதீர்கள். செப்சிஸில் கிரியேட்டினின் உற்பத்தியே குறைகிறது. இரண்டு சிறுநீரகங்களையும் எடுத்துவிட்ட எலிகளில் இதை 2009-இல் காட்டினார்கள்.

பதில் 2:
யூரியாவையும் அப்படியே நம்ப முடியாது. தண்ணீர் குடிக்காமல் கிடக்கும் எலிக்கும் அது ஏறும். உப்புநீர் கொடுக்கிறீர்களா? தையல் முடிந்ததும் வெதுவெதுப்பாக 1 மி.லி. தோலடியில் போட வேண்டும், ஷாமுக்கும் சேர்த்து. இல்லையென்றால் நீங்கள் அளப்பது பாதி நீரிழப்புதான். ஆன்டிபயாட்டிக் இமிபெனெம் 25 மி.கி./கி.கி. ஜென்டாமைசின் வேண்டாம், அதுவே சிறுநீரகத்தின் அண்மைக் குழாய்களைக் கெடுக்கும். வலிக்கு பியூப்ரனார்ஃபின். மெலாக்சிகாம் வகையறா வலிநீக்கிகள், ரத்தக்குழாயை விரிக்கும் புரோஸ்டாகிளாண்டினைத் தடுத்து சிறுநீரக ரத்த ஓட்டத்தைக் குறைக்கும்; பிறகு எது கிருமியின் வேலை, எது மருந்தின் வேலை என்று பிரிக்க முடியாது.

பதில் 3:
பரவலாகச் செத்த குழாய்களைத் தேடினால் ஏமாற்றம்தான். அது ரத்தக்குழாயைக் கிளிப் போட்டு அவிழ்க்கும் மாடலின் படம். செப்சிஸில் சேதம் திட்டுத்திட்டாக இருக்கும்: குழாய்ச் செல்களில் வெற்றிடக் குமிழ்கள், தூரிகை விளிம்பு உதிர்தல். பி.ஏ.எஸ். சாயத்தில் அந்த விளிம்பு தெளிவாகத் தெரியும். கூண்டில் தானாகச் செத்த எலியின் சிறுநீரகத்தைச் சேர்க்காதீர்கள், அழுகலும் இதே மாதிரி தோன்றும். கூடவே கிம்-1 (சிறுநீரகக் குழாய் அடிபட்டால் கூடும் புரதம்) பாருங்கள். என்-கால் என்னும் இன்னொரு சேதக் குறியீட்டுப் புரதம் செப்சிஸில் கல்லீரலிலிருந்தும் கொட்டும், தனியாக அதை வைத்து முடிவு கட்டக் கூடாது. வசதி இருந்தால் ஒளிரும் பொருளான ஃபிட்சி-சினிஸ்ட்ரின் செலுத்தி, தோல்மேல் ஒட்டும் கருவியால் ஜி.எஃப்.ஆரை (சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தை) நேரடியாக அளக்கலாம். சந்தேகம் தீர அதுதான் வழி.

கேள்வி கேட்டவர்:
துளையைப் பெரிதாக்கினால் சேதம் கூடுமா?

பதில் 3:
சிறுநீரகம் கெடும் முன்பே எலி போய்விடலாம். தீவிரத்தைத் தீர்மானிப்பதில் கட்டும் சீக்கத்தின் நீளத்துக்குப் பெரும் பங்கு உண்டு, அதை ஸ்கேலால் அளந்து எல்லா எலிக்கும் ஒன்றாக வையுங்கள். முடிச்சு இலியோ-சீக்கல் வால்வுக்கு (சிறுகுடல் சீக்கத்தில் சேரும் இடம்) கீழேயே இருக்கட்டும். மேலே போனால் குடலடைப்பு. 8 வாரத்துக்குப் பதில் 40 வார எலிகளை எடுத்துப் பாருங்கள், சிறுநீரகப் பாதிப்பு அவற்றில் தெளிவாக வரும்.